ஸ்டீபன் ஓடிய மார்கழி

போன வாரம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஒரு அம்மா கைக்குட்டையில் தைலம் விட்டு முகர்ந்தார். வண்டி முழுக்க வாடை. மற்றவர்கள் முகத்தைச் சுளிக்க, நான் மட்டும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மனசு சிதம்பரத்தில் இறங்கியிருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் ஆறு மாணவர்கள் வாடகைக்கு இருந்தோம். மழை விட்டுப் பனி தொடங்கினால் அந்த அறையே மருந்துக்கடை ஆகிவிடும். ஒருவன் நெற்றி நிறையத் தைலம். ஒருவன் வேளாவேளைக்கு மிளகுப் பால். இன்னொருவன் ஈரப் பனியன் போட்டால் சளி பிடிக்கும் என்று இஸ்திரி போட்டே காயவைப்பான். எல்லாரையும் மிஞ்சியது என் ஏற்பாடு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லா, காதில் பஞ்சு, கழுத்தில் மஃப்ளர். நான் கிளம்பி வந்தால் தெருநாய்கள் குரைக்கும்.

இத்தனையும் எதற்கென்றால், எனக்கு வீசிங் உண்டு. அது ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் என் துணிப்பெட்டியின் அடியில் லுங்கிக்குள் சுருண்டு கிடந்தது. "அத பழகிட்டா வுட முடியாதாம்டா. நாலு பேருக்குத் தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று அம்மா சொல்லியிருந்தார். பத்தொன்பது வயதில், எங்கோ இருக்கும் ஒரு பெண்ணுக்காக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தேன்.

அறையில் தைலம் தொடாத ஒரே ஆள் ஸ்டீபன். விருத்தாசலம் பக்கம் கம்மாபுரத்துக்காரன். ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவன். விடிந்ததும் அரைக்கால் சட்டையோடு பனிக்குள் இறங்கி ஓடுவான். அவன் நெஞ்சு இரும்பால் ஆனது என்று உண்மையிலேயே நம்பினேன்.

செமஸ்டர் தேர்வன்று காலை எழுந்தபோதே எனக்கு நெஞ்சுக்குள் விசில். இரவெல்லாம் புகைந்த கொசுவத்தி வேறு. வெந்நீர் குடித்தேன், தைலம் தேய்த்தேன். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. "பரிச்ச பயம்டா, சரியாப் பூடும்" என்று மற்றவர்கள் ஹால் டிக்கெட்டோடு கிளம்பிவிட்டார்கள். அன்று தேர்வில்லாத ஸ்டீபன் ஓடிவிட்டுத் திரும்பி, என் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"வீசிங்கா?"

தலையாட்டினேன்.

"மருந்து எங்க வச்சிருக்க?"

பெட்டியைக் காட்டினேன். துழாவி எடுத்துப் பார்த்தவன், "டேட் முடிஞ்சி ஒரு வருசம் ஆவுது மச்சான்" என்றான். பிறகு தன் கால்சட்டைப் பையில் கைவிட்டு அதே போன்ற ஒரு நீல இன்ஹேலரை எடுத்து, வாய்ப்பக்கத்தைத் துடைத்து நீட்டினான். மூச்சு முட்டியபோதும் என் வாய் பிளந்துதான் போனது.

"உனக்குமா?"

"சின்னதுலேர்ந்து. அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல இழு."

சைக்கிளில் பின்னால் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகையை ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு திறந்துகொண்டது. காற்று உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு காற்றா இத்தனை நாளும் வெளியே நின்றது என்று மலைத்துப்போய்ப் படுத்திருந்தேன். தேர்வு போய்விட்டது, அரியர் எழுதித்தான் தேறினேன்.

"வெக்கமா இல்லியாடா உனக்கு?" என்று அங்கேயே கேட்டேன்.

"கண்ணாடி போட்டுக்கினு இருக்கறவன் வெக்கப்படறானா?"

அடுத்த வாரம் அவனுடைய ஓட்டப் போட்டி. குல்லாவோடுதான் போனேன். கோட்டில் நிற்கும் முன், மைதானமே பார்க்க, இன்ஹேலரைக் குலுக்கி இழுத்தான்; மூச்சை நிறுத்தி வைத்திருந்து விட்டான்; என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பவில்லை. பன்னிரண்டரைச் சுற்று. ஆரம்பத்தில் கடைசியாகப் போனவன் சுற்றுக்கு ஒருவராகத் தாண்டி மூன்றாவதாக வந்தான். என்னைப் போலவே சுருங்குகிற நுரையீரல் அது. அதை வைத்துக்கொண்டா இப்படி? நான் கைதட்ட மறந்து நின்றேன். உள்ளங்கையில் இருந்த நீலத்தை ஒளிக்கவும் மறந்திருந்தேன்.

அந்த மாடியறை இப்போது செல்போன் கடை. மைதானத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. ஸ்டீபன் துபாய்க்குப் போனான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், விடுமுறையில் வந்தவனைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தேன். தொப்பை போட்டிருந்தது.

"இன்னும் ஓடறியாடா?"

"எங்க மச்சான், டூட்டிக்கே டைம் பத்தல. அதெல்லாம் வுட்டாச்சி."

பேச்சுவாக்கில் விருத்தாசலம் பஸ் நகர்ந்துவிட்டது. "ஐயோ, என் வண்டி!" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாய்ந்தான். பத்தே எட்டுதான் வைத்திருப்பான். முதுகு நிமிர்ந்து, முழங்கால் உயர்ந்து, தரையில் பட்டும் படாமலும் அந்தப் பழைய ஓட்டம். படிக்கட்டில் தொற்றிக்கொண்டான். கண்டக்டர் அவனைத் திட்டுவது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.