பலகைமேல் உட்கார்ந்தவர்

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை இன்னொருவர் கண்முன்னே தப்பும் தவறுமாகச் செய்யும்போது, குறுக்கே போகாமல் இருக்க முடியுமா? ஆணியக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது என்று அவளுடைய தம்பி நினைத்துக்கொள்வான். அவனுக்கு அது உறைத்தது நாற்பத்தொரு வயதில், கையில் ரம்பத்தோடு மரத்தூளில் முட்டி போட்டிருந்தபோது.

அக்காவுக்கு ஆணி என்ற பெயர் பெட்டி ஷெட்டில் விழுந்தது. இயந்திரங்களை ஏற்றுமதி செய்வதற்கான மரப்பெட்டிகள் அடிக்கும் இடம் அது. அடிக்கப் போகும் ஆணிகளை உதட்டிடுக்கில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பது அவள் வழக்கம். பேசப் பிடிக்காத நேரத்தில் வேலை இல்லாமலே இரண்டு ஆணியை வாயில் வைத்துக்கொள்வாள். அப்புறம் யார் என்ன கேட்டாலும் பதில் வராது.

பதினேழு வயதில் மரத்தூள் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தாள். அறுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றபோது யாரும் மறுக்கவில்லை. சங்கடமே அங்கேதான் இருந்தது. ரம்பத்தை எடுத்து நாலு இழுப்பு இழுப்பதற்குள் யாராவது வந்து, "குடும்மா, நான் அறுத்துத் தர்றேன்" என்று வாங்கிக்கொள்வார்கள். மேஸ்திரி வாங்குவார், சுமை ஏற்றுகிறவர் வாங்குவார், டீ கொண்டுவருகிறவன்கூட ஒருமுறை தட்டைக் கீழே வைத்துவிட்டு வாங்கினான். எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். மூன்று வருடத்தில் அவள் ஒரு பலகையைக்கூடக் கடைசிவரை அறுத்ததில்லை.

ஒருநாள் காலையில், பெட்டி கட்டும் கயிற்றால் ரம்பத்தின் பிடியைத் தன் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். என்னம்மா இது, கன்னுக்குட்டியக் கட்டின மாதிரி என்று மேஸ்திரி சிரித்தார்.

"வேணும்னா என்னையும் சேத்து இழுத்துட்டுப் போங்க."

அன்று பதினொரு பலகை அறுத்தாள். ஏழு கோணல். மேஸ்திரி அந்த ஏழு பலகையையும் அடுப்புக்குப் போட்டார். ரம்பத்தை மட்டும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. ஐம்பது தாண்டியபின், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த பழைய துணி துவைக்கும் அறையைச் சங்கத்திடம் கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகள் அங்கே ஸ்டூல் செய்யலாம். உட்கார ஒரு பலகை, நாலு கால், இரண்டு குறுக்குச் சட்டம், பதினாறு ஆணி. ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பெரியவர் வரவேண்டும்.

முதல் நாள் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். தம்பியும் தன் ஒன்பது வயது மகளோடு வந்திருந்தான். அத்தை ஆணி என்பதால் அவளைக் குண்டூசி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். பல்லைக் காட்டும் ரம்பம், பச்சைப் பிள்ளைகள், நாம்தானே அறுக்க வேண்டும்?

அக்கா, பெரியவர்களைப் பலகைமேல் உட்காரச் சொன்னாள்.

வேடிக்கை இல்லை. பலகையை இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி அங்கே கிடையாது. தாழ்வான பெஞ்சின்மேல் பலகையைக் கிடத்தி, பெரியவர் அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிள்ளை அறுக்கும். பிள்ளையின் இடது கை வழுக்கி ரம்பத்தின் பக்கம் போகாமலிருக்க, பெஞ்சில் ஒரு கட்டையை முடுக்கியிருந்தாள். கை அந்தக் கட்டையைப் பிடித்திருக்கும்வரைதான் ரம்பம் ஓடலாம். கட்டையை விட்டால் பெரியவர் 'நிறுத்து' என்று சொல்லலாம். வேறு எதுவும் சொல்லக்கூடாது.

"உங்க வெயிட்டைக் குடுங்க. கையைக் குடுக்காதீங்க," என்றாள்.

எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தொப்பையால் மரியாதை கிடைத்தது. அவர் உட்கார்ந்தால் பலகை இம்மியும் அசையாது என்று, சொந்த அப்பாக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அவருக்காகச் சண்டை போட்டார்கள். தம்பியோ காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளோடு வற்றிப்போனவன். குண்டூசி ஒவ்வொரு இழுப்பு இழுக்கும்போதும் பலகையோடு சேர்ந்து ஆடினான். "அப்பா, நீங்க இன்னும் கொஞ்சம் சாப்பிடணும்பா," என்றாள் அவள். அவனோ காதில் போனை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் அன்று அக்கா சொன்ன ஒரு முக்கியமான விஷயம் அவன் காதில் விழவில்லை.

நாலாவது ஞாயிறு ஒரு பையனின் கட்டைவிரலில் சிராய்ப்பு. சின்ன பிளாஸ்திரியோடு போயிற்று. ஆனால் சங்கச் செயலாளர் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. முடித்துவைத்திருந்த ஸ்டூல்களைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பெரும்பாலானவை டொக் டொக்கென்று ஆடின. அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா, வரும் விருந்தாளிகளை இந்த அறைக்குக் கூட்டிவந்து இவற்றில்தான் உட்காரவைப்பேன், ஒன்று ஆடினாலும் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தரை சரிவு, பெஞ்சின்மேல் வைத்துப் பாருங்கள் என்று அக்கா சொல்லித்தான் பார்த்தாள். "விருந்தாளிங்கள பெஞ்சு மேலயாம்மா ஏத்தி உக்கார வைக்க முடியும்?" என்று கேட்டார்.

செயலாளரின் நிபந்தனையை மட்டும் கேள்விப்பட்ட தம்பிக்கு அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் மனசு நிற்கவில்லை. அந்த அறை அக்காவுக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அதைக் காப்பாற்ற ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று பட்டது. சனிக்கிழமை மாலை அக்கா ஷெட்டிலிருந்து வருமுன், அவள் வீட்டிலிருந்த அறைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனான். மகளுடைய ஸ்டூலில் தொடங்கலாம் என்று அதைத் தரையில் வைத்து அழுத்தினான். ஆடியது. ஒரு கால் நீளம். அவ்வளவுதானே என்று ரம்பத்தை எடுத்து, அந்தக் காலில் ஒரு துண்டு அறுத்தான்.

இப்போது வேறொரு கால் நீளமாகிவிட்டது. அதையும் அறுத்தான். திருப்பி வைத்தான், மூன்றாவது கால் நீளம். அரைமணி நேரம் இப்படியே போனது. முழங்கால் உயரம் இருந்தது முக்கால் முழமாயிற்று, பிறகு ஒரு சாண். கடைசியில் ஸ்டூல் ஆடாமல் நின்றபோது அதன் கால்கள் நாலு விரல்கடைதான் இருந்தன.

நிமிர்ந்து பார்த்தான். வாசலில் குண்டூசி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில், சாவியைக் காணாமல் தேடி வந்த அக்கா.

"அங்க தரை பள்ளம்பா," என்றாள் மகள், தண்ணீர் வடியும் துளையைக் காட்டி. "பெஞ்சு மேல வெச்சுத்தான் ஆடுதான்னு பாக்கணும். அத்தை மொத நாளே சொன்னாங்க. என்னோடது பெஞ்சு மேல ஆடவே இல்ல."

அவள் அழவில்லை. குனிந்து, அறுந்து கிடந்த துண்டுகளை மட்டும் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்கா," என்றான் தம்பி.

"எல்லாரும் நல்லதுக்குத்தாண்டா செஞ்சாங்க," என்றாள் அக்கா.

மறுநாள் காலை பதினொரு ஸ்டூலும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: செய்தவர் யார், வயது என்ன, பலகைமேல் உட்கார்ந்தவர் யார். தம்பியின் குட்டை ஸ்டூலை அவன் விட்டுப்போன அதே இடத்தில் அக்கா வைத்திருந்தாள். அதன் அட்டையில், 'செய்தவர்: குண்டூசியின் அப்பா. வயது: 41. முதல் வேலை. பலகைமேல் உட்கார்ந்தவர்: யாருமில்லை' என்று எழுதியிருந்தது. இரும்புக்கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். தம்பிக்குக் காது சிவந்தது.

விருந்தாளிகள் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது செயலாளர் வந்தார். வரிசையை அழுத்திக்கொண்டே போனார். ஆறு ஆடின. குட்டை ஸ்டூல் கல் மாதிரி நின்றது. அவருக்கு முகம் மலர்ந்தது. அட்டையைப் படித்ததும் கொஞ்சம் மங்கியது. ஆனாலும் வழி சொன்னார். இந்தக் குட்டை ஸ்டூல் அட்டையில் மகளின் பெயரைப் போட்டுவிடலாம். மற்றதற்கு ஒரு தச்சரைக் கூட்டிவந்திருக்கிறார், வெளியே நிற்கிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மட்டம் பார்த்துத் தந்துவிடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை. அறையும் அக்காவிடமே இருக்கும்.

நியாயமான யோசனைதான். தம்பி மனசுக்குள் ஒத்துக்கொள் ஒத்துக்கொள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆடுனா யாரு செஞ்சாங்களோ அவங்க சரி பண்ணுவாங்க சார். அடுத்த ஞாயித்துக்கெழம."

"அடுத்த ஞாயித்துக்கெழம ரூம் இருக்காதும்மா."

"ரூம்தானே இருக்காது," என்றாள் அக்கா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள், ஆடினார்கள். ஒரு பெரிய மனிதர் வேண்டுமென்றே முன்னும் பின்னும் ஆடிப் பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அறை அன்று மாலையே பூட்டப்பட்டது.

அடுத்த ஞாயிறு சைக்கிள் நிறுத்துமிடத்தில் பெஞ்சு வந்து உட்கார்ந்தது. வெயிலும் தூசியுமான இடம். பதினொரு பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள். செயலாளர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் நிறுத்துமிடத்தை யாராலும் பூட்ட முடியாது. குண்டூசி புதிதாக நாலு கால் அறுக்கத் தொடங்கினாள். மூன்றாவது காலில் ரம்பம் கோணலாகப் போவதைத் தம்பி பார்த்தான். அவன் விரல்கள் தானாக நீண்டன.

"அப்பா, கை."

இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டான். ரம்பம் கோணலாகவே கடைசிவரை போனது.

குட்டை ஸ்டூலைத் தூக்கிப் போடச் சொல்லி அவனே அக்காவிடம் சொன்னான். அவள் அதை ஷெட்டுக்கு எடுத்துப்போனாள். அன்றிலிருந்து வேலையை விடும்வரை ஒன்பது வருடம் அதில்தான் உட்கார்ந்து ஆணி அடித்தாள். முழங்கால் மோவாயை இடிக்கும். தவளை என்று கேலி செய்தார்கள். அந்த அறைப் பள்ளத்துக்கு ஏற்றபடி அறுத்த ஸ்டூல் ஷெட்டின் சமதரையில் நிற்குமா? ஒவ்வொரு அடிக்கும் டொக் டொக்கென்று ஆடியது. ரம்பத்தை ஒருமுறை இழுத்தால் அவள் அதைச் சரிசெய்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டே செய்யக்கூடியவள். ஏன் செய்யவில்லை என்று தம்பி ஒரே ஒருமுறை கேட்டான்.

அக்கா டப்பாவிலிருந்து இரண்டு ஆணியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள்.