மேஸ்திரியின் பெயரில் ஏறாத கதிர்வீச்சு

காலை ஆறரை மணிக்கு ஒரு மரப்பலகையின் முன்னால் போய் நிற்பதுதான் அப்போது என் வேலை. பலகையில் வரிசையாக எண் போட்ட கொக்கிகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ், கூடவே பேனா மாதிரி ஒரு மீட்டர். அணுமின் நிலையத்துக்குள் கதிர்வீச்சுக் கசடைத் துடைத்து எடுக்கப் போகிறவர்கள் இரண்டையும் மார்பில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். வெளியே வந்ததும் மீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அன்றைக்கு அந்த ஆள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று நான் பதிவேட்டில் எழுதுவேன். ஓசூரில் இருந்த ஓர் ஒப்பந்த நிறுவனம் எங்களை அந்த வேலைக்கு அனுப்பியிருந்தது. நான் தெற்கிலிருந்து பிழைக்க வந்த குமாஸ்தா. ஆட்கள் எல்லாரும் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேலி பேசிச் சிரிப்பார்கள். எனக்கு யாராவது அர்த்தம் சொல்வதற்குள் சிரிப்பு அடங்கிவிடும். அவர்களுடைய மேஸ்திரி மட்டும் காத்திருந்து, அதே கேலியைத் தமிழில் ஒருமுறை எனக்காகச் சொல்லுவார். இரண்டாம் தடவை அது அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனாலும் நான் சிரிப்பேன்.

ஆளுக்கு இவ்வளவுதான் என்று கதிருக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டுவிட்டால் அந்த ஆளை உள்ளே விடமாட்டார்கள். வால்வுகள் இருந்த பள்ளம்தான் எல்லாவற்றிலும் மோசமான இடம். மற்றவர்கள் அரை மணி நேரம் தடுமாறுகிற வேலையை மேஸ்திரி பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். அதனால் பள்ளத்துக்குள் அவரே இறங்கினார், திரும்பத் திரும்ப இறங்கினார். அவர் கணக்கு மளமளவென்று வரம்பை நெருங்கியது. ஒரு நாள் காலை தன் கொக்கியைத் தொடாமல், “சார், இன்னிக்கு எனக்கு ஏழாம் நம்பரு குடுங்க” என்றார்.

“அது இன்னொருத்தனோடதாச்சே மேஸ்திரி?”

“அவன் வெளிய கசடு மூட்ட கட்டட்டும். எல்லாம் என் பேருலியே ஏறுனா எப்பிடி சார்? நாலு பேரு ஆளுக்குக் கொஞ்சம் சொமந்தா யாருக்கும் பாரமா இருக்காது.”

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பெயரில் பேட்ஜ் இருக்கிறதோ அந்த உடம்புக்குத்தான் கதிர் போய்ச் சேரும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஆட்களும் அப்படித்தான் நம்பினார்கள்; எங்கள் மேஸ்திரிக்காக என்று பெருமையோடு பேட்ஜைக் கொடுத்தார்கள். பேட்ஜ் எதையும் சுமக்காது, வெறுமனே அளக்கும், பள்ளத்தில் இறங்குகிற உடம்புதான் வாங்கிக்கொள்ளும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை நிற்கும், மேலே இருப்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்: அவருடைய அறியாமை எனக்கு வசதியாக இருந்தது. அந்த வேலை முடியும்வரை ஏழு, எட்டு, பதினொன்று என்று பேட்ஜை மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது ஓய்வு பெற்று ஓசூரில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். மகன் வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். இரண்டு தெரு தள்ளி ஷிப்ட் பஸ்கள் போகிற சத்தத்தை வைத்துத்தான் எனக்கு நேரம் தெரிகிறது. போன வருஷம் ஓர் ஆய்வுக் குழுவிலிருந்து பெண் டாக்டர் ஒருவர் தேடி வந்தார். அப்படித் துப்புரவு செய்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்களாம். தனி ஒருவரைக் காட்டி இவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. பட்ட அளவு சரியாகத் தெரிந்தால் வாய்ப்பைக் கணக்கிடலாம் என்றார். பிறகுதான், எங்கள் மேஸ்திரிக்கு ரத்தப் புற்றுநோய் என்ற செய்தியைச் சொன்னார். பதிவேட்டின்படி அவர்மேல் பட்டது வரம்புக்குள் அடங்கிய குறைந்த அளவுதான், வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு என்றும் சொன்னார். “இந்தப் பதிவேட்டை நம்பலாம்தானே சார்?” என்று கேட்டபோது தலையாட்டிவிட்டேன்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. சொல்லி அழவும் ஆள் இல்லை. ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் எழுதி டாக்டருக்கு அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. அந்த ஆட்கள் எல்லாருடைய அளவுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும், என் ஞாபகத்தை வைத்து மேஸ்திரிக்கு மிகத் தோராயமாக ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்றார். கடைசியாக, “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார்.

அடுத்த நாளே ஜவளகிரிக்குப் பஸ் ஏறினேன். மேஸ்திரி கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அவர் தன் உடம்பைப் பற்றிப் பேசவே இல்லை. “ஏழாம் நம்பருக்குப் பொண்ணு பொறந்துச்சே, அது நல்லா இருக்குதா சார்? பதினொண்ணு எப்பிடி இருக்கான்?” என்று, வேலை முடிந்து ஊர் ஊராகச் சிதறிப்போன ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டார். பிறகு தலையைத் தூக்கி என் பக்கம் திரும்பினார். “என்து கொஞ்சம்தான்னு ஆசுபத்திரியில சொல்ட்டாங்க சார். கொஞ்சத்துக்கே எனக்கு இப்பிடின்னா, நான் அவனுங்க பேருல ஏத்துனது அவனுங்கள என்னா பண்ணும்? நானே அவனுங்களக் கொன்னுட்டனா சார்?”

இத்தனை நாளும் அவரை அரித்துக்கொண்டிருந்தது நோய் அல்ல, இதுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “இல்ல மேஸ்திரி. பேட்ஜு அளக்கத்தான் செய்யும். நீங்க அவங்க பேட்ஜை மாட்டிக்கிட்டு எறங்குனப்போ பட்டது எல்லாம் உங்க உடம்புலதான். அவங்களுக்கு அதுல ஒரு துளியும் போகல. எனக்கு அப்பவே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. வாசற்படியில் நின்ற மனைவியைக் கூப்பிட்டு, பேட்ஜ் கொடுத்த பையன்களுக்கு ஒன்றும் ஆகாதாம், கேட்டாயா என்று கன்னடத்தில் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். நான் சொன்னது முழுவதையும் அங்கே நின்று கேட்டிருந்தார். கணவர் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.