மலைக்கு ஒரு பேர், ஊருக்கு ஒரு பேர்

"மேல எந்தப் பேரு?"

ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்களிடம் பொன்னுமணி கேட்கும் முதல் கேள்வி இதுதான். சுகமா என்றுகூடக் கேட்பதில்லை. "பிள்ளைக் கணக்கு அக்கா வந்திருச்சுடி, வெரசா ஏறுங்க" என்று அவர்கள் சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

போடியில் அவருக்கு அட்டை சேர்க்கும் வேலை. பெண்கள் கர்ப்பமானதும் மலைமேல் ஏலத்தோட்ட மருந்தகத்தில் ஓர் அட்டை. பிள்ளைக்குக் கீழே ஊசி போடும்போது வேறோர் அட்டை. மேலே கேரளம், கீழே தமிழ்நாடு. எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்று பொருத்தி, தாய் சேய் நலத்தை ஆராயும் டாக்டர்களுக்கு அனுப்ப வேண்டும்.

பெயர் ஆளைக் குறிக்கும் என்று நம்பி வகுத்த ஏற்பாடு அது. தோட்டத்தில் ஒருத்தி வேலையிலிருந்து நின்றுவிட்டால் தங்கையோ நாத்தனாரோ அவள் பேரிலேயே ஏலக்காய் எடுக்கப் போவாள். ஆகவே பொன்னுமணி தழும்பு, மச்சம், பச்சைக்குத்து என்று அடையாளம் பார்ப்பார். கேட்கும் விதம் முரடு. பதில் சொன்னவர்கள்கூட மறுமுறை அவரருகே உட்காருவதில்லை. வாடகை அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். "ஒத்தைக் கட்டைக்கு எதுக்கு ரெண்டு?" என்பார்.

போன ஐப்பசியில் ஒச்சம்மாள் என்று பேர் போட்ட மலை அட்டை வந்தது. முழங்கையில் தீக்காயம், சென்ற பிரசவத்தில் வலிப்பு. ஒச்சம்மாள் இறந்து வருடங்களாகிவிட்டன. அந்தத் தீக்காயம் அவள் தங்கை கருப்பம்மாளுடையது. அவளுக்கு இப்போது மறுபடி நிறைமாதம், புருஷன் தோட்டத்தில். வலிப்பு வந்த கதை போடியில் எந்த டாக்டருக்கும் தெரியாது.

வீடு தேடிப் போன பொன்னுமணியைக் கருப்பம்மாள் வாசலிலேயே மறித்தாள். "ரெண்டையும் சேத்தீகன்னா மேல பேரு போயிரும்க்கா. சோலியும் போயிரும்."

"சேக்கலைன்னா நீ போயிருவ."

"வாயில நல்ல வார்த்தையே வராதா ஒங்களுக்கு?"

"வராது. அட்டை டாக்டருகிட்டதான் போகும், தோட்டத்துக்குப் போகாது. கெளம்பு ஆத்தா."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்து உள்ளே போனாள். பிறகு சேலைகளை மூட்டை கட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் படித்தாள். உடனே கருப்பம்மாளை உள்ளே படுக்க வைத்தார்கள். பிறகு நர்ஸ் திரும்பிப் பொன்னுமணியைப் பார்த்தாள்.

"கூட வந்தது நீங்களா? அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

மலையும் ஊரும் சுற்றி எல்லோரிடமும் உறவு கேட்டவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கருப்பம்மாளின் துணிமூட்டையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.