ஜன்னலோர நாற்காலி பேச வைக்குமா?

அவள் நடத்திய முடி வெட்டும் கடையில் இரண்டே நாற்காலிகள். ஒன்று ஜன்னலோரம், தெருவைப் பார்த்தபடி. மற்றது சுவரோரம், அங்கே உட்கார்ந்தால் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலோரம் உட்காரும் பெண்கள் மடை திறந்ததுபோலப் பேசுவார்கள். சுவரோரம் உட்காருகிறவர்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் வெளிச்சம் செய்கிற வேலை என்று கடை வைத்த நாளிலிருந்து சொல்லிவந்தாள்.

அவள் நாத்தனார் கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் சின்னதாக ஓர் ஆய்வு செய்து காட்ட வேண்டும்.

"அண்ணி, நீங்க சொல்றத சோதிச்சுப் பாத்துடலாமா?"

"இதுல சோதிக்க என்ன இருக்கு? கண்ணு முன்னாடி நடக்குது."

"நடக்குதுல்ல, அப்புறம் என்ன பயம்?"

பயம் என்று சொன்னபிறகு மறுக்க முடியுமா? சரி என்றாள். ஆனால் நாத்தனார் போட்ட நிபந்தனைகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. யார் எங்கே உட்காருவது என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்ய வேண்டுமாம். எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்விகள்தான் கேட்க வேண்டுமாம்.

"யார எங்க உக்கார வைக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் பிரச்சினை. கலகலன்னு பேசறவங்களா பாத்து ஜன்னல்கிட்ட உக்கார வெச்சுட்டா, பேசறது நாற்காலியாலயா, அவங்க சுபாவத்தாலயா?"

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. பிடித்த வாடிக்கையாளர்களை ஜன்னலோரம் உட்கார வைப்பது அவள் வழக்கம்தான். அதை இதுவரை அவளே கவனித்ததில்லை.

வந்தவர்களிடம் சம்மதம் கேட்டார்கள். எதை அளந்தோம் என்பதை முடி வெட்டி முடித்தபிறகு சொன்னார்கள். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டார்கள். நாத்தனார் மூலையில் உட்கார்ந்து, பேசும் நேரத்தை மட்டும் அளந்தாள்.

ஒருநாள் மௌனசாமி வந்தாள். கடையில் அவளுக்கு அதுதான் பெயர். 'கொஞ்சம் குறைச்சா போதும்' என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. நாணயமும் அவளைச் சுவரோரமே அனுப்பியது. நிபந்தனைப்படி முதல் கேள்வி: "இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?"

"நாள் பூரா ஒலிபெருக்கில வண்டி வருது, வண்டி போகுதுன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றாள் மௌனசாமி. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராம்! முடி வெட்டி முடிக்கும்வரை அவள் நிறுத்தவேயில்லை. நான்காவதாக ஒன்று கேட்கத் துடித்த நாக்கைக் கடைக்காரி கடித்துக்கொண்டாள்.

கணக்குப் போட்டபோது ஜன்னலோரத்தின் சராசரி கொஞ்சம் கூடுதலாக வந்தது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!"

"அவசரப்படாதீங்க அண்ணி. ரெண்டு நாற்காலிலயும் ஒருத்தர் ஒரு நிமிஷம், ஒருத்தர் இருபது நிமிஷம்னு சிதறிக் கிடக்கு. அவ்வளவு சிதறல்ல இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு மதிப்பிருக்கான்னுதான் டி-சோதனைங்கற கணக்கு பாக்குது. நாற்காலியால ஒண்ணுமே ஆகறதில்லன்னு வெச்சுக்கிட்டாலும், பத்து தடவை செஞ்சா ஏறக்குறைய நாலு தடவை இவ்வளவு வித்தியாசம் தற்செயலாவே வந்துடும்."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

"அப்படியும் சொல்ல முடியாது. உண்மைன்னு சொல்ல இந்த ஆதாரம் போதல. அவ்வளவுதான்."

"இப்படியும் இல்ல, அப்படியும் இல்ல. என்ன படிப்போ போ!"

திட்டினாளே தவிர, அது மனதை விட்டுப் போகவில்லை. சீப்பு கழுவும்போதும் துண்டு மடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் கேட்டாள்: "மௌனசாமி ஏன் பேசினா?"

"ஒரு ஆள வெச்சு முடிவு சொல்லக் கூடாது."

"முடிவு யாரு கேட்டா? சந்தேகம்தான். அதுக்கு முன்னாடி இத்தனை வருஷத்துல அவகிட்ட நான் ஒரு கேள்வி கேட்டதில்ல. ஜன்னல்கிட்ட இருக்கறவங்கள மட்டும் துருவித் துருவி கேட்டிருக்கேன். பேச வெச்சது வெளிச்சமா, நானா?"

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத பழைய கணக்குல தேடக் கூடாது. புது ஆளுங்கள வெச்சு, புதுசா பாக்கணும்."

இந்த முறை ஒரே நாற்காலி. பாதிப் பேரிடம் கேள்வி உண்டு, பாதிப் பேரிடம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது அவளுக்கு நரகமாக இருந்தது. "வீட்ல ஏதாவது மனக்கஷ்டமாம்மா?" என்று ஒரு பெண் அவளுக்கே ஆறுதல் சொன்னாள்.

இம்முறை இடைவெளி பெரிது; கேள்வி கேட்கப்பட்டவர்கள்தான் அதிகம் பேசியிருந்தார்கள். கேள்வியால் ஒன்றும் ஆவதில்லை என்றால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

"ஜெயிச்சுட்டியே!" என்றான் அவள் கணவன்.

"நம்ம கடைல இப்படி. எல்லாக் கடையிலயும் இப்படித்தானான்னு யாருக்குத் தெரியும்?"

விடுமுறை நாளன்று அடுத்த தெருவிலிருந்த இன்னொரு முடி வெட்டும் கடைக்குப் போனாள். இரண்டு கடைக்காரிகளுக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"என்ன, வேவு பாக்க வந்தீங்களா?" என்றாள் அந்தக் கடைக்காரி.

"ஆமா. ஆனா உங்கள இல்ல" என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மற்றவள் முழுவதையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கேள்வியாவது ஒண்ணாவது! தலை கழுவறப்ப வெந்நீர் ஊத்தணும். தானா பேசுவாங்க. நான்தான் தினமும் பாக்கறேனே."

வந்தவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு சூடு?" என்று கேட்டாள்.