ஏழாவது கவுன்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பேய் என்றாலே கேலி செய்தவன்தான் நானும். பதினெட்டு வருஷமாக பஸ் கண்டக்டர். கூட்டத்தில் குனிந்து ஒளிகிறவனையும் சேர்த்து எண்ணிவிடுகிற கண் எனக்கு. அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். அதுவும் பட்டப்பகலில், மூன்று பத்துக்கு.

பஸ் படியிலிருந்து விழுந்து கால் உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டது. லேசில் மருந்துக்கு அடங்காத கிருமியாம். மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று வார்டின் கடைசியில் இருந்த தனியறையில் போட்டார்கள்.

ஜன்னல் கிடையாது. கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. நான் வெளியே போகக்கூடாது. உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே மஞ்சள் கவுன், முகமூடி, தொப்பி மாட்டிக்கொண்டு வருவார்கள். போகும்போது கவுனைக் கழற்றி என் எதிரே இருந்த சிவப்புத் தொட்டியில் போடுவார்கள். யார் டாக்டர், யார் துப்புரவு அம்மா என்றே தெரியாது. என் பெண்டாட்டியையே ஒருநாள் "சிஸ்டர்" என்று கூப்பிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வரும்போது ஒரு மருந்துக்காவது கட்டுப்பட்ட கிருமி, அந்த அறைக்கு வந்த ஐந்தாம் நாள் எதற்கும் அசையவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காய்ச்சல் இறங்கலைன்னா, முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்," என்றார் டாக்டர். நின்றே பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது? அவர் போனதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன்.

அன்று புதன்கிழமை. பொழுது போகாமல் தொட்டியில் விழுகிற கவுன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி போகுமா? காலையில் தொட்டியைக் காலி செய்த பிறகு ஆறு பேர் வந்து போனார்கள். ஆறு கவுன்.

மூன்று பத்து. கதவு திறக்கிற சத்தம் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் விழுந்தது. ஸ்ஸ்ஸ்...

வாஷ்பேசின் முன்னால் ஒருத்தி நின்றாள். முதுகு என் பக்கம். அவள் கவுன் பச்சை.

"சிஸ்டர், இப்பதானே கட்டு மாத்துனாங்க?"

குழாயை அவள் மூடவில்லை.

தண்ணீர் பேசின் ஓட்டையில் விழுந்து சுற்றிலும் தெறித்தது. பக்கத்து மேடையில் என் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற தட்டு, மூடாமல். எல்லா சிஸ்டரும் அங்கேதான் தட்டை வைத்துவிட்டு, சட்டப்படி நாற்பது விநாடி கை கழுவுவார்கள். இவள் கழுவவில்லை. தட்டில் விழுகிற துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பன்னிரண்டு. மணியை அழுத்தினேன். கண்ணாடியில் வார்டு சிஸ்டரின் முகமூடி தெரிந்தது. கவுன் மாட்டாமல் உள்ளே வர முடியாதே! நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசினைக் கைகாட்டினேன். அவளும் பார்த்தாள். 'இருங்க, வரேன்' என்று கையசைத்தாள்.

அவ்வளவுதான்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை...

இறங்கி ஓடலாம் என்றால் கால் தூக்கிக் கட்டியிருந்தது. கையில் சலைன் ஊசி.

பச்சைக் கவுன் திரும்பியது. சொட்... சொட்... முழுக்க நனைந்திருந்தது.

கண் இமைக்கவில்லை.

"இங்க தட்டு வைக்காதீங்க."

முகமூடி அசையவில்லை.

"ஆறு பேர்கிட்ட சொல்லிட்டேன். யாரும் கேக்கல."

டணார்!

தட்டு தரையில் கிடந்தது. நான் கத்தினேன்.

மூன்று பதினான்கு. கதவு திறந்தது. வார்டு சிஸ்டர் மட்டும்தான். குழாய் மூடியிருந்தது.

நடந்ததை உளறிக் கொட்டினேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் கொதிக்குது அண்ணே. பேசாம படுங்க." ஃபைலில் ஏதோ எழுதினாள்.

"சிஸ்டர், அந்தத் தொட்டியை எண்ணுங்க. ஆறு கவுன்தான் இருக்கணும்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"போகப்போறது என் காலு! எண்ணித் தொலைங்க!"

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தாள். ஒன்று, இரண்டு... ஆறு மஞ்சள். அடியில் ஒரு பச்சை. தண்ணீர் சொட்டியது.

"துணிக் கவுன்," என்றாள். "இதை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சே..."

அன்று மாலையே என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள். சிஸ்டர் வற்புறுத்தியதால் பேசின் ஓட்டையில் சோதித்தார்கள். என் காலில் இருந்த அதே கிருமி அங்கே குடியிருந்தது. கை கழுவுகிற இடத்திலிருந்துதான் தட்டுக்குத் தெறித்திருக்கிறது. புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. கால் இருக்கிறது.

வீட்டுக்குப் போகிற அன்று வார்டு சிஸ்டர் வந்தாள். முகமூடி இல்லாமல் அன்றுதான் அவளைப் பார்த்தேன். அழுதிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த அறையில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி, அதே கிருமி பிடித்து, அதே கட்டிலில் இறந்துபோனாளாம். பேசினை மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்தாளாம். அதன்பின் ஆறு நோயாளிகள் அந்த அறையில் இறந்திருக்கிறார்கள். கிருமியோடு வந்தவர்கள்தானே என்று யாரும் சந்தேகப்படவில்லை.

சிஸ்டர் அந்த ஆறு ஃபைல்களையும் தேடி எடுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரே விஷயம்.

'நோயாளி காய்ச்சலில் பிதற்றுகிறார். பேசின் அருகே நனைந்த பெண் நிற்பதாகச் சொல்கிறார்.'

ஏழாவது ஃபைலையும் பிரித்துக் காட்டினாள். என்னுடையது. அதிலும் அதே வரி இருந்தது. மூன்று பதினான்கு என்று நேரம் போட்டு, அவளே எழுதியது.