சர்க்கார் ஒப்புக்கொண்ட குறை

என் ஆயுளில் நான் விடாப்பிடியாக நின்று ஜெயித்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் வரப்புக்காகவும் பதவி உயர்வுக்காகவும் மல்லுக்கு நிற்பார்கள். எனக்கு ஆண்மை போய்விட்டது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் மல்லுக்கு நின்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று முதலில் பதில் எழுதினார்கள். என் ஆண்மையின்மேல் ஒரு அரசாங்கமே இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தது ஒருவகையில் கௌரவம்தான். இருந்தாலும் நான் மேல்முறையீடு செய்தேன்.

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் நான் ராணுவச் சப்ளைப் பிரிவில் ஹவில்தார். தோளில் துப்பாக்கி இருந்தாலும் பழக்கமெல்லாம் உருளைக்கிழங்கோடுதான். எல்லைக்குப் பக்கத்தில், குண்டு விழுந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி எங்கள் லாரி சரிந்தது. மூட்டைகளுக்கு அடியில் நான் கிடந்தேன். இடுப்பெலும்பு நொறுங்கிப் போனது. நம் பழைய இலக்கியத்தில் மார்பில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று பெயர் உண்டு. இடுப்புக்குக் கீழே, அதுவும் உருளைக்கிழங்கால் பட்டதைப் பற்றி எந்த உரையாசிரியரும் வாய் திறக்கவில்லை.

மாதக்கணக்கில் படுத்து எழுந்து, ஊருக்கு அனுப்பும் நாளில், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். ராணுவத்தில் கற்ற இந்தியில் எனக்கு எல்லா வசவும் தெரியும். இந்த ஒரு விஷயத்தை மரியாதையாகச் சொல்லத்தான் வார்த்தை தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். நொண்டும் காலுக்கு மட்டும் பென்ஷன் கொடுத்து அனுப்பினார்கள்.

காளவாசலில் வாடகைக்கு ஒரு வீடு, ஒரு பஞ்சுக் கிடங்கில் கணக்கு வேலை என்று நானும் மனைவியும் குடித்தனம் வைத்தோம். சண்டைக்கு முந்தைய வருஷம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நான் லீவு முடிந்து போனபோது அவள் கர்ப்பமாக இருந்தாள். நான்காம் மாதம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காரணம் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். ஊருக்கோ வேறு காரணம் தயாராக இருந்தது. மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில், இவள் வயிற்றில் எதுவும் தங்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வளைகாப்பு, தொட்டில் போடுவது என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் நேராக அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். யாரும் போகச் சொல்வதில்லை. யாரும் வா என்று கூப்பிடுவதும் இல்லை.

அம்மா எனக்கு இரண்டாவது பெண் பார்க்க ஆரம்பித்தாள். ஒருத்திக்கே பதில் சொல்ல வக்கில்லாதவனுக்கு இன்னொருத்தி. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் அம்மாவைத் தனியாக உட்கார வைத்து, குறை என்னிடம்தான் என்று உடைத்துச் சொன்னேன். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்.

"பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டாம ஒம்மேலயே பழியப் போட்டுக்கிற. ஒங்கப்பனும் இப்படித்தேன். நான் கொழம்பத் தீய விட்டா, அடுப்பத் தூண்டிவிட்டது நாந்தேன்னுவாரு."

அதற்குமேல் என்ன சொல்லியும் எடுபடவில்லை. நான் எவ்வளவு தெளிவாக விளக்கினேனோ அவ்வளவு நல்ல புருஷனாகிக்கொண்டே போனேன். எந்த ஆம்பிளை இதைப் பொய்யாகச் சொல்வான் என்று கேட்டேன். எந்த ஆம்பிளை இதை நெசமாச் சொல்லுவான் என்று திருப்பிக் கேட்டாள். என் படிப்பு அத்தனையும் அந்த இடத்தில் மண்டியிட்டது.

அம்மா நம்புவது சாமியை, அதற்கு அடுத்தபடி சிங்க முத்திரை போட்ட தாளை. சாமி சாட்சி சொல்ல வராது. சர்க்காரிடமிருந்து வாங்கலாம் என்று தோன்றியது. சண்டையில் பட்ட காயத்தால் ஆண்மை போனது என்று பென்ஷன் இலாகாவுக்கு மனு எழுதினேன். பென்ஷனில் கூடப்போவது வெற்றிலைக்குக்கூடக் காணாது என்று தெரியும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இதற்கிடையில் என்ன வைத்தியம் பார்த்தாய் என்று பின்னால் கேட்பார்களே என்று, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடமும் போனேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் முகத்தை மறைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேப்பர் கொஞ்சம் இறங்கியது. எங்கள் தெரு டீக்கடைக்காரர். "என்ன மாப்ள, மூட்டு வலியா?" என்றார். ஆமாண்ணே, உங்களுக்கு என்ன என்று கேட்டேன். தனக்கும் மூட்டுதான் என்றார். இருவரும் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டோம். வைத்தியர் என் இளமைக் காலத் தவறுகளை விசாரித்தார். உருளைக்கிழங்கைச் சொன்னேன். அதற்கு அவரிடம் லேகியம் இல்லை.

மனுவுக்குப் பதில் வந்தது. காயத்துக்கும் குறைக்கும் சம்பந்தம் தெரியவில்லை, மனத்தளர்ச்சியாக இருக்கலாம், படையில் சேரும் முன்பே இருந்திருக்கவும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். அம்மா நம்பாததற்குக் காரணம் பாசம். இவர்கள் நம்பாததற்கு ஒரு பாசமும் இல்லை. காயம் படும்வரை நான் நன்றாக இருந்தேன் என்று காட்டினால் மேல்முறையீட்டில் பார்க்கலாம் என்பது கடைசி வரி. அதை எப்படிக் காட்டுவது?

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கலைஞ்சது ஒண்ணு போதாதா?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும், அதையெல்லாம் போய் ஆபீஸர்களிடம் பேச வேண்டாம், உனக்கு எதற்கு அந்தக் கஷ்டம் என்றேன்.

"இம்புட்டு வருசமா அத வச்சுத்தான என்னயக் குத்திக் காட்டுறாக. ஒரு தடவ அது நமக்கும் ஒதவட்டும்" என்றாள்.

கர்ப்பம் கலைந்த அன்றைக்கு அவளோடு கூட இருந்து பார்த்த நர்ஸம்மா தெற்குவாசலில் இருந்தார், வயதான முஸ்லிம் அம்மாள். எதற்கு என்று மனைவி சொன்னதும் என்னை ஏறிட்டுப் பார்க்காமலே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அல்லா உங்க பக்கம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

மறு மருத்துவக் குழு மெட்ராஸில் கூடியது. என்னோடு அவளும் புளிச்சோறு கட்டிக்கொண்டு ரயிலேறினாள். மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த கர்னல் வடக்கத்தியர். இளவயது கேப்டன் ஒருவர் நம்மூர்ப் பிள்ளை, மொழிபெயர்க்க. என்னைச் சோதித்தார்கள், எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு கர்னல் நர்ஸம்மாவின் சான்றிதழைத் தட்டி, இதில் சொல்லியிருக்கும் உன் மனைவி வந்திருக்கிறாரா என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டார்கள்.

கேப்டனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. சண்டைக்கு முன்னால் உங்கள் இல்லற வாழ்க்கை சுமுகமாக இருந்ததா, இதில் ஏதேனும் குறைபாடு நிலவியதா என்று மேடைத் தமிழில் தடுமாறினார். மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க என்ன கேக்குறீகன்னு எனக்குத் தெரியுது. சுத்தி வளைக்காதீக. இவுக லீவுல வந்துட்டுப் போகையில நல்லாத்தேன் இருந்தாக. நான் முழுகாம இருந்தேன். ஒடம்பு ஒடஞ்சு திரும்பி வந்த பெறகு ஒண்ணுமில்ல. அங்க போயி ஒடஞ்சத, இங்கயே இருந்துச்சுன்னு எழுதினா எப்படி?"

கேப்டன் இதை எப்படி இங்கிலீஷில் சொன்னார் என்பது எனக்குக் காதில் விழவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகரசபைப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். அரசாங்கத்தின் வாதத்தில் இருந்த ஓட்டையில் நேராக விரலை விட்டுவிட்டாள். பல புத்தகம் படித்த நான் எழுதிய மேல்முறையீடு நான்கு பக்கம் ஓடியும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கர்னல் எழுந்து நிற்கவில்லை, ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளுக்குத் தலையைத் தாழ்த்தினார்.

உத்தரவு சில மாதம் கழித்து வந்தது. குறை உண்மை, படைப்பணியில் பட்ட காயத்தால் வந்தது என்று எழுதியிருந்தது. மெடல் வாங்கியவன்கூட அப்படி மார்பை நிமிர்த்திக்கொண்டு மேலூர் பஸ்ஸில் போயிருக்க மாட்டான்.

அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் முத்திரைச் சிங்கங்களை விரலால் தடவினாள்.

"நெசமாவே சர்க்கார் போட்டதா?"

ஆமாம் என்றேன்.

"பாத்துத்தேன் போட்டாகளா?"

"மூணு பேரு பாத்தாகம்மா."

அம்மா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கிளம்பினாள். பேசி வைத்திருந்த பெண் வீட்டுக்குப் போய் அந்தப் பேச்சை முறித்தாள். அதோடு விட்டிருக்கலாம். "அவுகவுக பிள்ளைக சண்டையில கையக் குடுத்துச்சு, காலக் குடுத்துச்சு. எம்மவன் வம்சத்தையே குடுத்துட்டு வந்திருக்கான்" என்று அங்கேயே சொல்லியிருக்கிறாள். வழியில் பார்த்தவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். எந்தக் குறைக்காக நான் ரகசியமாக லாட்ஜுக்குப் போய் வந்தேனோ, அது ஒரு வாரத்தில் ஊருக்கே பெருமையாகிவிட்டது. அம்மா சொன்னதில் உருளைக்கிழங்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு பீரங்கி வந்திருந்தது.

அடுத்த விசேஷம் என் தம்பி மனைவியின் வளைகாப்பு. என் மனைவி வழக்கம்போல் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏத்தா, அங்க எங்க போற? வந்து மொத வளையல நீ போடு."

கூட்டத்தில் ஒரு கிழவி, அதெப்படி, பிள்ளை தங்காதவள் கையால் என்று முனகினாள். அம்மா திரும்பினாள்.

"வயித்துல உண்டானவதேன். மிச்சத்த எம்மவன் சண்டையில விட்டுட்டு வந்தான். மெட்ராசு வரைக்கும் போயி, சர்க்காருக்கே சாட்சி சொன்ன மருமக அவ. வேணும்னா தாளக் காட்டுறேன்."

யாரும் தாளைக் கேட்கவில்லை. என் மனைவி முன்னால் வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்த கண்ணாடி வளையல்களில் அளவு பார்த்து ஒன்றை எடுத்து, சின்னவளின் விரல்களைக் குவித்துப் பிடித்து நோகாமல் ஏற்றினாள். வாசல் பந்தலில் இருந்தபடி அதைக் கொஞ்சம்தான் பார்க்க முடிந்தது. பீரங்கி எவ்வளவு பெரிசு என்று மாமா ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.