அம்மா ஒப்புக்கொண்ட கவனயீனம்

நடந்தவை, வரிசைப்படி:

1. காலையில் வேலைக்குப் போகும் வழியில், உட்துறைமுக வீதியில், ஒரு களஞ்சியத்தின் வாசலிலிருந்து லொறி ஒன்று பின்பக்கமாக வீதிக்கு வந்தது. பின்னால் நின்று கைகாட்ட ஆள் இருக்கவில்லை.
2. நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். லொறி நிற்கவில்லை. என் வலது முழங்கை லொறியின் பின்பலகைக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் அகப்பட்டது.
3. லொறிச் சாரதியே என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.
4. எலும்பைப் பொருத்தினார்கள். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் உணர்வு இல்லை என்று சொன்னேன். நரம்பு, பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள்.
5. சாரதியும் மனைவியும் அப்பிள் பையோடு வார்ட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார்கள்.
6. அம்மா அவர்களோடு கதைத்தார்.

ஆறாவதை அப்போது ஒரு நிகழ்ச்சியாகவே நான் எண்ணவில்லை.

அவர்கள் கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். வார்ட்டில் இருந்த ஒரேயொரு கதிரையை அம்மா அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் உட்காராமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அக்கா, இவர் ரெண்டு நாளா சோறு தின்னேல்லை. லைசனைப் பறிச்சாங்கள் எண்டா நாங்கள் என்ன செய்யிறது?”

“அழாதேங்கோ தங்கச்சி,” என்றார் அம்மா. “முழுக்க உங்கட ஆளில பிழை சொல்லேலாது. இவளும் வேகமாத்தான் வந்திருப்பாள். வீட்டிலயும் அப்பிடித்தான், குசினிக்க போனாலும் ஓட்டந்தான்.”

அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சாரதி தலையைக் குனிந்தபடி நின்றார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். மன்னிப்புக் கேட்டுத் தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பிழையில் ஒரு துண்டை நாங்களும் எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டவர்களும் கேட்டவர்களும் அதை உண்மை என்று நினைப்பதில்லை. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு லொறியின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. நான் கட்டட வரைபடங்கள் வரையும் வேலையில் இருப்பவள். எங்கள் ஒப்பந்த ஆவணங்களில் முதல் பக்கங்களிலேயே சொற்களுக்கு வரைவிலக்கணம் இருக்கும். இந்தக் கடிதத்தில் இல்லை. விளங்காத சொற்களுக்குக் கீழே கோடிட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனேன்.

கவனயீனம்: எடுக்கவேண்டிய கவனத்தை எடுக்காமல் விடுவது. கைகாட்ட ஆளில்லாமல் லொறியைப் பின்னால் எடுத்தது அது. பங்களிப்புக் கவனயீனம்: காயப்பட்டவரின் பிழையும் விபத்துக்குக் காரணம் என்பது. எவ்வளவு பிழையோ அவ்வளவுக்கு நட்டஈடு குறையும். கடிதத்தின் மூன்றாவது பந்தியில், நான் வேகமாக வந்ததைத் ‘தாயார் ஒப்புக்கொண்டுள்ளார்’ என்றும், ஆகவே பாதிதான் தரலாம் என்றும் இருந்தது. சாரதி பொய் சொல்லவில்லை. கம்பனியிலிருந்து விசாரிக்க வந்தவரிடம், அம்மா சொன்னதைக் கேட்டபடியே சொல்லியிருக்கிறார்.

சட்டத்தரணி மூக்குக்கண்ணாடியை இறக்கி அம்மாவைப் பார்த்தார்.

“அம்மா, உங்கட கதையைக் கேட்டா லொறிக்கு நாங்கள்தான் நட்டஈடு குடுக்கவேணும் போல கிடக்கு.”

“அந்தப் பிள்ளை அழுதது. நான் வேற என்ன சொல்லுறது?”

“ஒண்டும் சொல்லாம ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுத்திருக்கலாமே.”

“அதுவும் குடுத்தனான்,” என்றார் அம்மா.

கடிதத்தின் தலைப்பில் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று அச்சிட்டிருந்தது. அதை ஒரு மரியாதைச் சொல் என்று நினைத்துக் கோடிடாமல் விட்டிருந்தேன். சமரசத்துக்காக அவர்கள் எழுதுவதை, பிழையை ஒப்புக்கொண்டதாகப் பிறகு நீதிமன்றத்தில் காட்ட முடியாது என்பது அதன் பொருள் என்றார் சட்டத்தரணி. அம்மாவும் சமரசத்துக்காகத்தான் கதைத்தவர். அவருடைய கதைக்கு மேல் அப்படி ஒரு வரி இருக்கவில்லை.

அடுத்ததாக, நட்டஈட்டுக் கணக்கில் ‘நோவும் வேதனையும்’ என்ற தலைப்புக்கு வந்தோம்.

“விரல் நோகுதா பிள்ளை?”

“இல்லை. ஒண்டும் தெரியேல்லை.”

“நெருப்புச் சுட்டா?”

“சுட்டது. மணம் வந்த பிறகுதான் கண்டனான்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். பிறகு, நோகாததற்கு வேறு தலைப்பு இருக்கிறது என்று சொல்லி, ‘வலுவிழப்பு’ என்று எழுதினார்.

கடைசியாக நான் கோடிட்டிருந்தது ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’. கையெழுத்திட்டால் அவர்கள் தரும் பாதியோடு எல்லாம் முடியும்.

“விரல் சரிவராட்டி?” என்று கேட்டேன்.

“பிறகு ஒண்டும் கேக்கேலாது.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கடிதத்தை மேசையில் விரித்துப் பேனையையும் பக்கத்தில் வைத்தார்.

“கையெழுத்தை வைச்சிட்டு விடு மகள். கோட்டு வாசல்ல அந்தப் பிள்ளையின்ர முகத்தில என்னால முழிக்கேலாது.”

“நான் வேகமா வரேல்லை அம்மா. நிண்டனான்.”

“அது எனக்குத் தெரியாதா?”

“பிறகேன் சொன்னீங்கள்?”

“அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது.”

கையெழுத்திட்டால் அந்தச் சும்மா சொன்ன கதை மட்டும்தான் பதிவில் நிற்கும். எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தது. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

இப்போதைய நிலை இதுதான். நான் கையெழுத்திடவில்லை. வழக்குத் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது. அதில் நான் வழக்காளி; சாரதியும் லொறிச் சொந்தக்காரரும் எதிராளிகள். எதிராளிகள் தரப்புச் சாட்சிப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறது. அவர் விபத்தைக் காணாதவர் என்பதால் அவருடைய சொல்லுக்குப் பெறுமதி குறைவு, ஆனால் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்கிறார் சட்டத்தரணி. அம்மா போவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.